நான்காவது மணியின் கயிறு

மூட்டு மருத்துவரின் அறைக்கு வெளியே,
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான்
உடம்பைவிட்டு வெளியேறக் கற்றுக்கொண்டேன்.
சொன்னவர் ஓட்ரன்,
ஷ்ராப்ஷர் பண்ணைகளுக்குத் தீவன லாரி ஓட்டி ஓட்டி
முதுகெலும்பில் இரண்டு வட்டுகளைத் தொலைத்தவர்.

"பார்க்காதே.
எல்லாரும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.
கயிற்றைப் பார்க்கப் பார்க்க அது வெறும் படமாகிவிடும்.
தொடு. அதன் சொரசொரப்பைத் தொடு.
மார்புக்கு நேர் மேலே தொங்குகிறதென்று வை.
ஒரு கை, அதற்கு மேல் மறு கை.
உடம்பு கிடக்கட்டும், நீ ஏறு.
தேனீப்பெட்டியைத் திறந்ததுபோல் காதுக்குள் இரையும்.
அப்போது பயந்தால் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கயிற்றைத் தொடச் சொல்லி
என்னிடமா?

புனித மில்பர்கா தேவாலயக் கோபுரத்தில்
நான்காவது மணி என்னுடையது, இருபத்தாறு வருஷமாக.
ஒன்பது அந்தர் வெண்கலம்.
கயிற்றில் கைபடும் இடத்தில்
சிவப்பும் வெள்ளையுமாகச் சுற்றிய கம்பளி,
அதில் வெள்ளை, என் வியர்வையில் பழுப்பு.

இப்போது இடுப்பு எலும்பு விடுவதில்லை.
நாற்பத்தேழு படி, அதுவும் சுழல்படி.
அறுவைக்கு இன்னும் பதினான்கு மாதம் என்று கடிதம்.
வியாழன் ஏழரைக்குப் பயிற்சி தொடங்கும்போது
ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்திருப்பேன்:
ஒன்று, இரண்டு, மூன்று,
ஐந்து, ஆறு.
என் இடத்தில் ஆள் போடவில்லை.
பல் விழுந்த வாயால் பேசுகிறது ஊர்.

முதல் வாரம் தூங்கிப்போனேன்.
இரண்டாம் வாரம் கயிறு வந்தது,
கூடவே மின்கட்டணமும் பூனையின் மாத்திரையும்.
மூன்றாம் வாரம் ஒரு விடிகாலை.
மழை. கொதிகலன் ஒருமுறை இருமி அடங்கியது.
உள்ளங்கையில் கம்பளி.
நான் நினைத்துக்கொண்ட கம்பளி இல்லை.
அது ஈரமாக இருந்தது.
ஈரத்தை நான் நினைக்கவேயில்லை.

ஒரு கை. மறு கை.
பாதத்தில் தொடங்கிய அதிர்வு
மாவு மில் மாதிரி விலாவுக்கு ஏறியது.
வந்தன ஓட்ரனின் தேனீக்கள்.
இடுப்புவலி, யாரோ மறந்துவிட்டுப் போன குடையாகக்
கீழே எங்கோ கிடந்தது.
கயிறு என்னைத் தூக்கியது.

விட்டுவிட்டேன்.

நான் எங்கே விட்டேன், கைகள் விட்டன.
மணியடிப்பவருக்கு முதல் நாள் முதல் பாடம் அது:
கயிறு உன்னைத் தூக்கினால் விடு.
மேலே மணி நிலைதவறிச் சுழன்றால்
கயிறு கூரைக்குப் பாயும்,
பிடித்திருப்பவரையும் கூட்டிக்கொண்டு.
எங்கள் லெமுவல் பிரைஸ் விடாப்பிடிக்காரர்.
பதினோரு அடி போய்த் திரும்பினார்,
இரண்டு கணுக்காலும் திரும்பவில்லை.

ஓட்ரனுக்குப் போன் செய்தேன்.
நெடுநேரம் யோசித்தார்.
"அப்படியென்றால் ஏணியை வைத்துப் பார்."
ஏணியா?
ஏணிக்கும் எனக்கும் என்ன உறவு?

நேற்றிரவு ஏறப் பார்க்கவில்லை.
வழக்கம்போல் இழுத்தேன்.
போனது கம்பளி, வந்தது, போனது.
வாய் வானம் பார்க்க
மணி தலைகீழாய் நிற்கும் ஒரு நொடி உண்டு.
அடிப்பவர்களுக்குத்தான் தெரியும்,
ஒன்பது அந்தரும் அப்போது ஒரு விரலுக்குக் கட்டுப்படும்.
அதிலேயே நிறுத்தினேன்.
கட்டிலில் யார் படுத்திருந்தார் என்று
திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் கோபுரத் தலைவர் ஹடனைக் கூப்பிட்டேன்.
பயிற்சி முடிந்ததும் கயிறுகளை எல்லாம்
கூரையோடு ஏற்றிக் கட்டிவிடுவார்கள்.
நான்காவதை மட்டும் தொங்கவிடுங்கள் என்றேன்.
"இடுப்புக்குத் தேதி கிடைத்துவிட்டதா?"
இல்லை.
எதற்கென்று கேட்க வாயெடுத்தவர்
வேறெதையோ சொன்னார்:
"கூரை ஒழுகுகிறது. கம்பளி நனைந்துவிடுமே."

தெரியும் என்றேன்.